பூட்டிய வீட்டைத் திறந்தால் மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. நாங்கள் இருப்பது கோவையில். கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்காக, மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பத்து நாள் தங்கினோம். கூட்டிப் பெருக்கிய முதல் இரண்டு நாளும் எல்லோருக்கும் தும்மல். சளி கறுப்பாக வந்தது. என் மகனுக்கு ஒன்பது வயது, வீசிங் உண்டு. அந்த இரண்டு நாளும் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) ஓடி விளையாடினான், தும்மியதோடு சரி. வீடு துடைத்துப் பளிச்சென்று ஆனபிறகு, பலகாரம் சுட்ட நாளிலும் அடுத்தடுத்த இரவுகளிலும்தான் இழுப்பு வந்தது. தூசியே இல்லாதபோது ஏன்? மேல்மாடியில் புறா எச்சம் அள்ளிய அன்று ராத்திரி என் மாமியாருக்கு (68) குளிரோடு காய்ச்சல், மூச்சிரைப்பு. மறுநாள் தானாகச் சரியானது. உள்ளே போன தூசி எங்கே போகிறது, அங்கேயே தங்கிவிடுமா? வேலைக்கு வந்தவர்கள் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்றார்கள். தை மாதம் மறுபடி வீடு திறக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பையனைப் பற்றி நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. தூசி பறந்த நாளில் தும்மல், வீடு பளிச்சென்று ஆனபிறகு இழுப்பு. ஒரு துகள் மூச்சுப்பாதையில் எங்கே போய் உட்காரும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அதன் அளவுதான். பெருக்கும்போது கண்ணில் பட்ட தூசியில் பெரும்பங்கு மூக்கைத் தாண்டியிருக்காது. பலகாரச் சட்டியிலும் கொசுவத்திச் சுருளிலும் கிளம்பியது அடிமட்டம் வரை போயிருக்கும்.

அளவை மைக்ரானில் சொல்வோம். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் தடிமன். விளக்குமாறு கிளப்பும் மண்தூசியும் நூல் பிசிறும் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல். பூஞ்சை வித்துகளில் பல 2 முதல் 10 மைக்ரான். எரிகிற எதிலிருந்தும் வரும் புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே.

இனி உள்ளே போவோம். மூக்கு வெறும் துளை இல்லை. முகப்பில் முடி, அதற்குப் பின்னால் பக்கச்சுவரிலிருந்து மடிந்து தொங்கும் மூன்று சதை மடிப்புகள், எல்லாவற்றின் மேலும் ஈரப்பசை. காற்று இந்த இடுக்குகளில் வளைந்து வளைந்து போகும். கனமான துகளால் அந்த வளைவில் திரும்ப முடிவதில்லை. வேகமாகப் போகிற பஸ் திருப்பத்தில் நிற்கிறவர் சாய்வதுபோல, நேரே போய்ச் சுவரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை ஏறக்குறைய எல்லாமே மூக்கிலும் தொண்டையிலும் இப்படி மாட்டிவிடும். மூக்கின் முன்பகுதியில் ஒட்டியது சீந்தினால் வரும், தும்மினால் தெறிக்கும். பின்பகுதியில் ஒட்டியதைச் சளிப்படலம் பத்து இருபது நிமிடத்தில் தொண்டைக்குக் கொண்டுபோய்விடும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். மூக்கினுள் துளி சாக்கரின் வைத்து, எத்தனை நிமிடத்தில் நாக்கு இனிக்கிறது என்று பார்த்து இந்த வேகத்தை அளக்கும் சோதனைகூட உண்டு.

உங்கள் வீட்டில் எல்லோரும் தும்மியது இதனால்தான். கறுப்புச் சளியும் பயப்பட வேண்டிய விஷயமில்லை, வடிகட்டி வேலை செய்ததற்கு அடையாளம். இரண்டு மூன்று நாளில் நிறம் தெளிந்துவிட வேண்டும்.

வாயால் மூச்சுவிட்டால் இந்தக் காவல் முழுவதும் இல்லாமல் போகிறது. மூச்சு வாங்க வேலை செய்கிறவர், மூக்கடைத்தவர், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கி வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தை, இவர்களுக்கெல்லாம் மூக்கில் நிற்க வேண்டிய துகளில் ஒரு பங்கு நேரே மார்புக்குள் இறங்கும். மகனுக்கு ராத்திரி மூக்கடைப்பு உண்டா, குறட்டை உண்டா என்று கவனியுங்கள். இருந்தால் வீசிங்கோடு சேர்த்து அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

தொண்டைக்குக் கீழே குரல்வளை. காற்று இங்கே ஒரு குறுகலான இடுக்கில் புகுந்து பீய்ச்சி அடிப்பதுபோல் இறங்கும். அடுத்தது மூச்சுக்குழல். பெரியவர்களுக்கு அது 10, 12 செ.மீ. நீளம், கட்டைவிரல் பருமன். சாதாரணமாக மூச்சு விடும்போது காற்று இங்கே வினாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் வேகத்தில் போகிறது. குழல் இரண்டாகப் பிரியும் கவட்டையில் 5 முதல் 10 மைக்ரான் துகள்கள் மோதி நிற்கும். பிறகு கிளை, கிளைக்குக் கிளை என்று சுமார் 23 தடவை பிரிகிறது. ஒவ்வொரு குழாயும் சிறுத்துக்கொண்டே போனாலும் எண்ணிக்கை பெருகுவதால் மொத்த வாய் அகலமாகிறது. மேலே இரண்டரை சதுர சென்டிமீட்டராக இருந்தது கடைசியில் ஒரு சதுர மீட்டருக்கும் மேல். வாய்க்கால் கண்மாயில் விழுந்ததும் தண்ணீர் தளர்வதுபோல, காற்று அங்கே நகர்கிறதா என்றே சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாகிவிடும்.

மெதுவானால் மோதல் இல்லை. இங்கே வேறு விதி. ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் வரையுள்ள துகள் தன் எடையால் மெல்லக் கீழே படிகிறது. குழாயே அரை மில்லிமீட்டர் விட்டம்தான் என்பதால் கொஞ்சம் இறங்கினாலே சுவர் வந்துவிடும். 0.1 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட மிகச் சிறியவற்றுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அவற்றை அலையவிடுகின்றன. அந்த அலைச்சலிலேயே சுவரைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே, 0.3 மைக்ரான் சுமாருக்கு, ஒரு விசித்திரம் உண்டு. மோதவும் கனமில்லை, படியவும் எடையில்லை, அலையவும் போதிய சிறுமையில்லை. போன துகளில் பெரும்பகுதி வெளிமூச்சிலேயே திரும்பிவிடும். ஆனால் இதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. நாம் ஒரு நாளில் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்றை இழுக்கிறோம். புகை மூட்டத்தில் படுத்தால் தங்குகிற சிறு பங்கே கணிசமாகச் சேரும்.

கடைசிக் கிளைகளின் முனையில் திராட்சைக் கொத்துப்போல் காற்று நுண்ணறைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்குக் குறையாது. ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர். விரித்தால் எழுபது சதுர மீட்டருக்கு வரும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மைக்ரான் கனம்கூட இல்லை.

போனது திரும்புமா என்று கேட்டீர்கள். எங்கே படிந்தது என்பதைப் பொறுத்தது. மூச்சுக்குழலிலிருந்து சிறு கிளைகள் வரை உட்சுவரில் முடிபோன்ற நுண்ணிய குறுஇழைகள் இருக்கின்றன. ஒரு செல்லுக்கு சுமார் இருநூறு. வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை எல்லாம் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, மேலே மிதக்கும் சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளும். மூச்சுக்குழலில் இந்தச் சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறது. இங்கே படிந்த தூசி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். இருமல் உதவுவது பெரிய குழாய்களில் மட்டும்தான். அடியில் இருப்பதை இருமி எடுக்க முடியாது.

நுண்ணறைகளில் குறுஇழை கிடையாது. அங்கே தூசியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் ரோந்து சுற்றுகின்றன. ஒரு துகளை விழுங்கிச் சில வேளை மேலே குறுஇழை வரை கொண்டுவந்து சேர்க்கும், சில வேளை நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கும். இதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். விறகடுப்புப் புகையில் பல ஆண்டு சமைத்தவர்களின் நுரையீரலில் கரி நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. பீடி தொடாத பெண்களுக்கும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வர அந்தப் புகை ஒரு முக்கியக் காரணம். கல், சிமெண்ட் அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் துகள் இன்னும் மோசம். தன்னை விழுங்கிய அணுவையே கொன்றுவிட்டு வெளியே வரும். அடுத்த அணு விழுங்கும், அதுவும் சாகும். அந்த இடம் தழும்பாக இறுகும். பழைய வீட்டைப் பழுது பார்க்கும்போது தரைக்கல் வெட்டுகிறவர் தண்ணீர் ஊற்றியபடிதான் வெட்ட வேண்டும். உலர வெட்ட விடாதீர்கள்.

வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் அவை போவது இரைப்பைக்கு. மூச்சுக்குழலின் வாசலை, விழுங்கும்போதெல்லாம் குரல்வளை மூடி அடைத்துவிடுகிறது. தொண்டை வரை ஏறி வந்த தூசிச் சளியை விழுங்க அவை உதவியிருக்கலாம், அதற்கு ஒரு வாய்த் தண்ணீரே போதும். வெல்லம் சாப்பிட்டாயிற்றே என்று ஒருவர் மாஸ்க் இல்லாமல் வேலை செய்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை.

இப்போது பையன். ஒரு கணக்குப் பாருங்கள். அசையாத காற்றில் 10 மைக்ரான் தூசி வினாடிக்கு 3 மில்லிமீட்டர் இறங்கும். ஆள் உயரத்தில் கிளம்பினால் பத்து நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். ஒரு மைக்ரான் துகள் மணிக்கு 13 சென்டிமீட்டர்தான் இறங்கும். சாயங்காலம் ஏற்றிய சுருளின் புகைத்துகள் அதைவிடச் சிறியது. கதவடைத்த அறையில் விடிகிற வரை அது மிதந்துகொண்டேதான் இருக்கும். ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கடிதத்தில் நீங்கள் கொசுவத்தியைச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடம் பூட்டிக் கிடந்த வீடு, திறந்த முற்றம், கல்யாணக் கூட்டம் என்றால் அறைக்கு ஒரு சுருள் எரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பலகாரம் சுட்ட நாளில் இரண்டு விஷயங்கள். அதிரசமும் தேன்குழலும் மணிக்கணக்கில் சுடும்போது காய்ந்த எண்ணெயிலிருந்து எழும் ஆவி குளிர்ந்து ஒரு மைக்ரானுக்குக் குறைந்த துளிகளாகிறது. எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அது பல மடங்காகும். கீழே விறகு எரிந்தால் அந்தப் புகையும் சேரும். மிளகாய் வறுக்கும் நெடி வேறு வகை. அது குழாயில் குவிந்து அடைப்பதில்லை, நரம்பை நேரடியாகத் தூண்டி இரும வைக்கும். நெடி விலகினால் நமக்கு நின்றுவிடும். வீசிங் உள்ளவருக்கோ அந்தத் தூண்டலே குழாயைச் சுருக்கிவிடலாம். சாம்பிராணியும் ஊதுவத்தியும் இந்தப் புகைக் கணக்கில்தான் வரும். சாமி காரியத்துக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. முற்றத்தை ஒட்டிக் காட்டிவிட்டு, படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாமல் இருந்தால் போதும்.

முற்றம் என்றதும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டு முற்றம் திறந்திருக்கிறதா? சூடான காற்றும் புகையும் மேலே ஏறி வெளியேற, சுற்றியுள்ள அறைகளிலிருந்து காற்று அதைப் பின்தொடர, வளவு வீட்டின் புகைபோக்கியே முற்றம்தான். குரங்குக்கும் மழைக்கும் பயந்து பல வீடுகளில் ஃபைபர் ஷீட் போட்டு அதை முழுதாக அடைத்துவிட்டார்கள். அடைத்திருந்தால் ஷீட்டை ஓரடி உயர்த்தி, நான்கு பக்கமும் கம்பிவலை போட்டுக் காற்று போக வழி விடுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. அந்த இயந்திரம் கதவடைத்த ஒரு அறைக்கு உதவும், வளவுக்கு உதவாது.

தை மாதத்துக்கு வருவோம். மகனும் மாமியாரும் சுத்தம் செய்கிற நாளில் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. அவர்களை இரண்டு நாள் கழித்து வரச்சொல்லுங்கள். முதலில் கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு உள்ளே போங்கள். மின்விசிறியைப் போடாதீர்கள், இறக்கைமேல் இருக்கிற தூசியே போதும். சுத்தம் மேலிருந்து கீழே, உள் அறையிலிருந்து முகப்பை நோக்கி நடக்கட்டும். உத்தரம், நிலை, கதவு வேலைப்பாடுகளை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைக்கலாம். தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பெருக்கிப் பிறகு துடையுங்கள். ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் வேண்டாம், மெருகு போய்விடும். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் ஒன்றுசேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மார்பையும் பிடிக்கும். சாதாரண வாக்குவம் கிளீனர் பெரிய குப்பையை எடுத்துக்கொண்டு நுண்தூசியைப் பின்பக்கமாக ஊதிவிடும். நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாவிட்டால் ஈரத்துணியே மேல். ராத்திரி மிதந்தது விடியற்காலை தரையில் படிந்திருக்கும், யாரும் நடமாடுவதற்கு முன் மறுநாளும் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

மூக்கில் துண்டு கட்டுவது மண்ணுக்கு ஆகும், வித்துக்கும் புகைக்கும் ஆகாது. வேலை செய்கிற எல்லோருக்கும் என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். மூக்குத்தண்டில் உள்ள கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் போட வேண்டும். தாடி இருந்தால் கசியும். கீழே இழுத்துவிட்டுப் பேசிப் பேசி மாட்டினால் போட்டதற்குப் பலனில்லை. வேலை முடிந்ததும் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு தம்ளரில் (240 மி.லி.) அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புக் கலந்து மூக்கைக் கழுவலாம். கிணற்றுத் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ நேரே ஊற்றக்கூடாது. அரிதாக என்றாலும், அதில் உள்ள அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் ஆபத்து உண்டு.

பழைய இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகளில் தூசிப் பூச்சி இருக்கும். வீசிங்கைத் தூண்டுவது அதன் கழிவு. துகள் பெரியது, சீக்கிரம் படிந்துவிடும். ஆனால் தலையணையில் முகம் புதைத்துப் படுக்கிற பிள்ளைக்கு மூக்குக்கு நேரே அல்லவா இருக்கிறது? வெயிலில் போட்டால் பூச்சி ஓரளவு சாகும், கழிவு போகாது. மகனுக்குப் புதுத் தலையணை கொண்டுபோங்கள். விரிப்பும் உறையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்ததாக இருக்கட்டும். சுருளுக்குப் பதில் கொசுவலை. பலகார அடுப்பைக் கொல்லைப் பக்கம் திறந்தவெளியில், காற்று வீட்டைவிட்டு வெளியே அடிக்கும் பக்கமாகப் போடுங்கள்.

மகன் பம்ப் மருந்து எடுக்கிறான் என்றால், மேலே சொன்ன அதே விதிகள் அங்கேயும் நடக்கின்றன. அந்தப் புகைபோன்ற மருந்து ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுக்கே தயாரிக்கப்படுகிறது. வேகமாக உறிஞ்சினால் தொண்டையில் மோதி அங்கேயே நின்றுவிடும். அதனால் ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழல்) கட்டாயம். பம்பைக் குலுக்கி ஒரு அழுத்து, நான்கைந்து வினாடி நேரம் மெதுவாக இழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். அந்தப் பத்து வினாடிதான் துகள் படிவதற்கான நேரம். அடக்க முடியாவிட்டால் ஸ்பேசரிலேயே ஐந்து தடவை நிதானமாக மூச்சு விடட்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் இடைவெளி. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தைச் சுவரே பிடித்து வைத்துக்கொள்ளும். கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி மருந்துக்கு முறை தலைகீழ். அதை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், பொடி உடைவது அந்த வேகத்தில்தான். ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிக்கணும். மருத்துவர் தினசரித் தடுப்பு மருந்து எழுதியிருந்தால் ஊருக்குப் போகிற நாளிலும் நிறுத்தாதீர்கள். இழுப்பை உடனே தணிக்கும் நீலப் பம்ப் போட்டும் தணியவில்லை, வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிகிறது, விலா உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். பெரியவர்களோ குழந்தையோ, இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள், அரசு மருத்துவமனையில் இலவசம். சளியில் ரத்தம் தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது மாமியார் விஷயம். காய்ந்த புறா எச்சத்தைச் சுரண்டினால் பறக்கும் பொடியில் பறவைப் புரதமும் பூஞ்சை வித்தும் இருக்கும். நுண்ணறை வரை போகிற அளவு. சிலருக்கு உடல் அதை எதிரியாக எடுத்துக்கொள்ளும். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்புவலி, மூச்சிரைப்பு வந்து, ஓரிரு நாளில் தானாக அடங்கும். நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. ஒரு தடவை வந்தவருக்கு அதே பொடி மறுபடி மறுபடி பட்டால் நுரையீரல் தழும்பேறலாம். ஆகவே மாமியார் இனி அந்த வேலைப் பக்கமே போகக்கூடாது. அள்ளுகிறவர் என்95-உம் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரை எச்சம் முழுதும் ஊறும்வரை தெளித்து, இருபது நிமிடம் கழித்துத் தகட்டால் வழித்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்தட்டும். பிறகு புறா நுழையும் சன்னலுக்கு வலை அடியுங்கள். இப்போது நன்றாக இருந்தாலும் அவரை ஒரு முறை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, மார்பு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் சோதனையும் எடுத்துவிடுங்கள். புறா எச்சம் அள்ளியதையும், எத்தனை மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வந்தது என்பதையும் நீங்களாகவே சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் இது நிமோனியா போலவே தெரியக்கூடும். நீங்கள் சொல்லாவிட்டால் ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிவிடுவார்கள்.